மூளைக்குள்ளே தராசு வைத்தவர் யார்?

மனம் ஒடிந்து உட்கார்ந்துவிட்டான் ஒரு தொழிலாளி. சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, ஆசை மகள் ஓடிவந்து மடியில் விழுந்தாலும் முகத்திலே மலர்ச்சி இல்லை. ஆலைச் சங்கு அழைக்கிறது. கால் எழ மறுக்கிறது. மனைவி மன்றாடி, நண்பர்கள் வற்புறுத்தி, கடைசியில் டாக்டரிடம் அழைத்துப் போகிறார்கள். அங்கே அவனுக்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது.

"பயப்படாதே அப்பா! உன் மூளையிலே செரட்டோனின் என்றொரு இரசாயனம் குறைந்துவிட்டது. தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இந்த மாத்திரையைப் போடு; குறைந்தது நிரம்பும்; சாய்ந்தது நிமிரும்."

எவ்வளவு எளிய விளக்கம்! குழம்பிலே உப்புக் குறைந்தது, ஒரு சிட்டிகை போட்டோம், சரியாகிவிட்டது என்பதுபோல! கேட்டவன் தலையாட்டுகிறான். அழைத்து வந்தவர்களும் தலையாட்டுகிறார்கள். அமெரிக்காவிலே கோடிக்கணக்கானவர்கள் இப்படித் தலையாட்டினார்கள், ஐரோப்பாவிலே ஆட்டினார்கள், இங்கேயும் ஆட்டுகிறோம்.

ஆனால் தோழர்களே, ஒரே ஒரு கேள்வி. நிறுத்துப் பார்த்தது யார்? எந்தத் தராசில்? எத்தனை எடை குறைந்திருந்தது?

சர்க்கரை வியாதி என்றால் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுக்கிறார்கள். இத்தனை என்று எண்ணைச் சொல்கிறார்கள். இரத்த அழுத்தம் என்றால் கையிலே பட்டை கட்டிக் காற்றடித்து, மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு என்று சீட்டிலே எழுதுகிறார்கள். மனச்சோர்வுக்கு? செரட்டோனினை அளந்து, இதோ குறைந்திருக்கிறது என்று காட்டி மாத்திரை எழுதும் ஆஸ்பத்திரி எதுவும் இல்லை. அப்படி அளந்து இந்த நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையே இன்றுவரை இல்லை. நிறுக்காமலே எடை குறைவு என்கிறார்கள்! ரேஷன் கடையிலே இப்படிச் சொன்னால் விடுவோமா?

டாக்டர்களை ஏசுவதற்காக இதை எழுதவில்லை. மாத்திரையைச் சாக்கடையில் வீசு என்று சொல்லவும் எழுதவில்லை. அப்படிப் படித்துவிட்டு வீட்டிலே உள்ளவர் மருந்தை யாரும் நிறுத்திவிட வேண்டாம்; ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஒரு யூகம் எப்படி உண்மை என்ற சட்டையை மாட்டிக்கொண்டு உலகத்தை வலம் வந்தது என்கிற கதைதான் இது. பகுத்தறிவு பேசுகிறவர்கள் பூசாரியை மட்டும் கேள்வி கேட்டால் போதாது. மருந்துக் கம்பெனியையும் கேட்க வேண்டும்.

கதை 1952இல் தொடங்குகிறது. நியூயார்க் நகரத்தைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவிலே 'சீ வியூ' என்ற காசநோய் ஆஸ்பத்திரி. காசநோய் அன்றைக்கு ஏழையின் எமன். அந்த நோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அது பிறந்த வீட்டைக் கேட்டால் சிரிப்பீர்கள்: இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் தங்கள் ராக்கெட்டுகளுக்காக உற்பத்தி செய்து மிச்சம் வைத்துவிட்டுப் போன ஹைட்ரசீன் என்ற எரிபொருளிலிருந்துதான் இப்படிப்பட்ட மருந்துகளைச் செய்தார்கள். குண்டு போட வைத்திருந்தது மாத்திரையாக மாறியது! அதை விழுங்கிய காசநோயாளிகள், படுக்கையிலே சுருண்டு கிடந்தவர்கள், எழுந்தார்கள், சிரித்தார்கள், ஆஸ்பத்திரிக் கூடத்திலே ஆடினார்கள். பத்திரிகைகள் படம் போட்டன. மூளையிலே சில இரசாயனங்களை அழிக்கிற ஒரு நொதியை அந்த மருந்து தடுக்கிறது, அதனால் அந்த இரசாயனங்கள் பெருகுகின்றன என்று கண்டறிந்தார்கள். 1957இல் நாதன் கிளைன் என்ற அமெரிக்க மருத்துவர் அதையே மனச்சோர்வுக்காரர்களுக்கும் கொடுத்தார்.

இன்னொரு பக்கம், நம் நாட்டு மூலிகை ஒன்று. சர்ப்பகந்தி. 1931இல் கல்கத்தாவிலே கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு மருத்துவர்கள், இந்த வேர் பித்துப் பிடித்தவரை அடக்குகிறது, இரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது என்று எழுதினார்கள். யார் கவனித்தார்கள்? 1949இல் பம்பாய் மருத்துவர் ரஸ்டம் ஜால் வக்கீல் ஆங்கிலேயரின் இருதய மருத்துவ ஏட்டிலே எழுதிய பிறகுதான் வெளிநாட்டார் விழித்தார்கள். 1952இல் சுவிட்சர்லாந்துக் கம்பெனி சீபா அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தது. வேர் நம்முடையது, விற்ற சீசா அவர்களுடையது! அதைச் சாப்பிட்டவர்களில் சிலர் மனம் சோர்ந்து போனதாக மருத்துவர்கள் குறிப்பெழுதினார்கள். ஏன் என்று ஆராய்ந்தபோது, ரிசர்பின் மூளையிலுள்ள செரட்டோனினையும் அதன் உறவு இரசாயனங்களையும் வடித்துவிடுகிறது என்று 1955 வாக்கில் தெரிந்தது.

பெருக்குகிற மருந்து, ஆடவைத்தது. வடிக்கிற மருந்து, வாடவைத்தது. ஆகவே வாட்டம் என்பதே அந்த இரசாயனம் வடிந்த நிலைதான் என்று முடிச்சுப் போட்டார்கள்.

முடிச்சு அழகானதுதான். அவிழ்த்துப் பாருங்கள். துறைமுகத்திலே மூட்டை தூக்குகிறவனுக்கு முதுகு வலிக்கிறது. இரவிலே தைலம் தேய்க்கிறான், வலி குறைகிறது. ஆகவே முதுகு வலிக்குக் காரணம் அவன் உடம்பிலே தைலம் குறைந்துபோனதுதான்! மூட்டை அல்ல, மேஸ்திரி அல்ல, ஒரு ஆள் தூக்க வேண்டிய சுமைக்கு மேல் தூக்க வைத்த குத்தகைக்காரர் அல்ல! தைலக் குறைவு! எப்படி இருக்கிறது வாதம்?

யூகம் செய்ததைக் குற்றமென்று நான் சொல்ல மாட்டேன். யூகமில்லாமல் விஞ்ஞானம் இல்லை. 1965இல் ஜோசப் ஷில்ட்கிராட் என்ற அமெரிக்க மருத்துவர் நார்அட்ரினலின் என்ற இரசாயனத்தை வைத்து இந்தக் கருத்தை எழுதினார். 1967இல் இங்கிலாந்திலே அலெக் காப்பன் செரட்டோனின் பக்கம் சாய்ந்தார். ஷில்ட்கிராட் நேர்மையானவர். இது மிகச் சிக்கலான ஒரு நிலையை மிக எளிமையாக்கிச் சொல்வதுதான் என்று தம் கட்டுரையிலேயே எச்சரித்து வைத்தார். எழுதியவர் எச்சரித்தார்; விற்றவர்கள் அந்த வரியைத்தான் தொலைத்துவிட்டார்கள்.

சரி, உண்மையாகவே ஒரு இரசாயனம் குறைந்தால் நிரூபிப்பது எப்படி? அதற்கும் சான்று இருக்கிறது. வியன்னா நகரம், 1960. பார்க்கின்சன் என்றொரு நோய்: கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை குறுகும். அந்த நோயால் இறந்தவர்களின் மூளையை எடுத்து, ஹார்னிகீவிச் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய தோழரும் அளந்தார்கள். டோபமைன் என்ற இரசாயனம் குறிப்பிட்ட பகுதியிலே வற்றிக் கிடந்தது. மற்றவர்கள் மூளையில் அப்படி இல்லை. அடுத்த ஆண்டே எல்-டோபா என்ற மூலப்பொருளை நோயாளிகளுக்கு ஊசிவழி செலுத்தினார்கள். படுத்திருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். டோபமைனின் வேலையை முதலில் உணர்ந்து சொன்ன சுவீடன் அறிஞர் ஆர்விட் கார்ல்சன் 2000இல் நோபல் பரிசு பெற்றார். அளந்தார்கள், குறைவைக் கண்டார்கள், கொடுத்தார்கள், பலன் கண்டார்கள். அதற்குப் பெயர் நிரூபணம்!

மனச்சோர்விலும் அதே முயற்சிகள் நடந்தன. முதுகுத்தண்டு நீரை எடுத்து அளந்தார்கள், இரத்தத்தை அளந்தார்கள், இறந்தவர் மூளையை அளந்தார்கள். ஒரு ஆராய்ச்சியில் குறைவு. இன்னொன்றில் வித்தியாசமே இல்லை. உணவிலே ஒரு சத்தை நீக்கி, நல்ல உடல்நலமுள்ளவர்களின் செரட்டோனினை வேண்டுமென்றே இறக்கிப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு மனம் சோரவில்லை. ஆனால் இந்த வகை மாத்திரையால் குணமடைந்திருந்தவர்களுக்கு அதே சோதனையைச் செய்தபோது பலருக்குச் சோர்வு திரும்பியது. ஆகவே செரட்டோனினுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. இன்னொரு புதிரும் உண்டு. மாத்திரை செரட்டோனினை மாற்றுவது சில மணி நேரத்திலேயே. நோயாளிக்குத் தெம்பு வருவதோ சில வாரங்கள் கழித்து. குறைவு மட்டுமே காரணமென்றால், நிரப்பியதும் நிமிர்ந்திருக்க வேண்டாமா?

விஞ்ஞானிகள் இப்படித் தலையைச் சொறிந்துகொண்டிருந்த வேளையிலே, வியாபாரி வந்தான்.

1987 டிசம்பரில் 'புரோசாக்' என்ற மாத்திரைக்கு அமெரிக்க அரசு அனுமதி தந்தது. செய்த கம்பெனியின் பெயர் எலி லில்லி. பெயரில்தான் எலி, வியாபாரத்திலே யானை! 1990இல் 'நியூஸ்வீக்' ஏடு ஒரு மாத்திரையை அட்டைப்படமாகப் போட்டது. சினிமா நட்சத்திரத்துக்குக் கிடைக்கிற இடம் ஒரு குளிகைக்குக் கிடைத்தது. 1997இல் அமெரிக்க அரசு விதியைத் தளர்த்தியது. டாக்டரின் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்துக்குத் தொலைக்காட்சியிலே நேராகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வது சுலபமாயிற்று. இப்படிப்பட்ட விளம்பரத்தை முழுதாக அனுமதிக்கிற வளமான நாடுகள் அமெரிக்காவும் நியூசிலாந்தும்தான்.

2001 வாக்கில் ஃபைசர் கம்பெனி தன் 'ஜோலாஃப்ட்' மாத்திரைக்கு ஒரு விளம்பரம் எடுத்தது. முட்டை போல ஒரு வெள்ளை உருவம். தொங்கிய முகம். தலைக்கு மேலே மேகம். பார்த்தாலே பரிதாபம் வரும். பின்னணியிலே ஒரு குரல் பேசுகிறது. அந்தக் குரல் சொன்னதன் சாரத்தை வரிசையாகக் கேளுங்கள். முதலில்: காரணம் தெரியவில்லை. அடுத்து: மூளை நரம்புகளுக்கிடையே இரசாயனச் சமநிலை தவறியதோடு தொடர்பு இருக்கலாம். அதற்கடுத்து: இந்த மருந்து அந்தச் சமநிலைக் கோளாறைச் சரிசெய்கிறது!

பார்த்தீர்களா சாமர்த்தியத்தை? முதல் வாக்கியத்தில் 'தெரியாது'. இரண்டாவதில் 'இருக்கலாம்'. மூன்றாவதில் 'சரிசெய்கிறது'! 'இருக்கலாம்' என்ற குட்டி மூன்றே விநாடியில் 'இருக்கிறது' என்று வளர்ந்துவிட்டது. இருக்கிறதா என்றே தெரியாத கோளாறைச் சரிசெய்கிற மருந்து! மேடையிலே நாம் இப்படிப் பேசினால் எதிர்க்கட்சிக்காரன் விடுவானா? கோடிக்கணக்கான வீடுகளின் கூடத்திலே இது ஒலித்தது. 2005இல் லகாஸ், லியோ என்ற இரு அமெரிக்கர்கள், விளம்பரம் சொல்வது ஒன்று, விஞ்ஞான ஏடுகள் சொல்வது வேறொன்று என்று அக்கக்காகப் பிரித்துக் கட்டுரை எழுதினார்கள்.

விளம்பரம் போகட்டும். மாத்திரை பலன் தருகிறதா என்பதற்கான கணக்கிலே நடந்தது அதைவிடப் பெரிய விவகாரம்.

மருந்துக் கம்பெனி பரிசோதனை செய்தால் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலே பதிவு செய்ய வேண்டும். எரிக் டர்னர் என்பவர் அந்த அலுவலகத்திலேயே முன்பு பணியாற்றிய மருத்துவர். எந்த அலமாரியில் எந்தக் காகிதம் இருக்குமென்று அறிந்தவர். அவரும் அவருடைய தோழர்களும் 12 மனச்சோர்வு மருந்துகளைப் பற்றிப் பதிவாகியிருந்த 74 பரிசோதனைகளை எடுத்து, அவை ஏடுகளில் எப்படி வெளியாயின என்று ஒப்பிட்டு, 2008இல் வெளியிட்டார்கள். அலுவலகத்தின் கணிப்பிலே 38 பரிசோதனைகள் மருந்துக்குச் சாதகம். அவற்றில் 37 ஏட்டிலே அச்சாகிவிட்டன. மீதி 36 பாதகம் அல்லது சந்தேகம். அவற்றின் கதி? 22 அச்சேறவே இல்லை. 11, பாதகமானதைச் சாதகம்போலத் தோற்றமளிக்கும்படி எழுதி அச்சேறின. உள்ளதை உள்ளபடி சொல்லி வந்தவை வெறும் 3!

பாதிக்குப் பாதி பிசகிய கணக்கு, ஏட்டைப் படிக்கிற டாக்டருக்கு நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு வெற்றியாகத் தெரிந்தது. ஏடுகளை நம்பி, நல்ல மனத்தோடு மருந்து எழுதிய டாக்டரை நான் குறை சொல்லவில்லை. அவரும் ஏமாற்றப்பட்டவர்தான். தேர்தலிலே பாதி வாக்குப் பெட்டிகளைக் கிணற்றில் போட்டுவிட்டு, மீதியை எண்ணி வெற்றி வெற்றி என்று பறை சாற்றினால் அதற்கு என்ன பெயர் வைப்போம்?

அதே 2008இல் இர்விங் கிர்ஷ் என்ற உளவியலார், தகவல் பெறும் சட்டத்தின்படி கேட்டு வாங்கிய கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தார். மருந்து எதுவும் இல்லாத வெறும் மாத்திரை கொடுத்தவர்களும் பெருமளவு தேறியிருந்தார்கள். மருந்து மாத்திரை அதைவிடக் கூடுதலாகத் தந்த பலன், நோயின் கடுமையை அளக்கிற அட்டவணையிலே சராசரியாக 1.8 புள்ளி. எதிர்ப்புறத்தையும் கேளுங்கள். 2018இல் சிப்ரியானி என்பவர் தலைமையில் 522 பரிசோதனைகள், 1,16,477 பேர், 21 மருந்துகள் என்று பெரிய கணக்கொன்று போட்டார்கள். 21 மருந்துகளும் வெறும் மாத்திரையைவிட மேல் என்று கண்டார்கள். மேல்தான், ஆனால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை, சராசரியில் சிறிதுதான். சராசரி என்பதைக் கவனியுங்கள். ஒருவருக்கு ஒன்றும் செய்யாத மாத்திரை, இன்னொருவரைக் கயிற்றின் முனையிலிருந்து மீட்டிருக்கலாம். மீண்டவரைப் பார்த்து, நீ மீண்டது பொய் என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது.

2022 ஜூலையில்தான் வெடி வெடித்தது. லண்டன் மனநல மருத்துவர் ஜோவன்னா மான்கிரீஃபும் அவருடைய குழுவினரும், அதுவரை செரட்டோனினைப் பற்றி நடந்த ஆராய்ச்சித் தொகுப்புகளையெல்லாம் ஒன்று திரட்டினார்கள். செரட்டோனின் குறைவதால் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று முடிவு சொன்னார்கள். உலகப் பத்திரிகைகள் தலைப்புப் போட்டன. மாத்திரை சாப்பிட்டவர்கள் திகைத்தார்கள்.

மருத்துவ உலகத்தின் பெரியவர்கள் சிலர் என்ன சொன்னார்கள் தெரியுமா? இதென்ன புதுச் செய்தியா? அந்தக் கதையை நாங்கள் எப்போது நம்பினோம்? என்றார்கள். ரொனால்ட் பைஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2011லேயே, இரசாயனச் சமநிலைக் கதை ஒரு கட்டுக்கதைதான், விவரமறிந்த மனநல மருத்துவர் எவரும் அதைத் தீவிரமாக முன்வைத்ததில்லை என்று எழுதியிருந்தார்.

அடடா! விவரமறிந்தவர் நம்பவில்லையாம்! விவரமறியாதவரிடம் விற்றபோது மட்டும் வாய் திறக்கவில்லையாம்! கோடிக்கணக்கானவர்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டபோது, ஐயா இது யூகம்தான் என்று கூரையேறிக் கூவியிருக்க வேண்டாமா? எளியவனுக்கு எளிய பொய் போதும் என்று எண்ணினார்களா? எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். படிக்காதவனுக்குப் புரியாது என்று சொல்லியே அவனிடமிருந்து மறைக்கப்பட்டவை உலகத்திலே ஏராளம்.

மான்கிரீஃப் சொன்னதே முடிந்த முடிவென்றும் எண்ணிவிட வேண்டாம். 2023இல் முப்பதுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து அவருக்கு மறுப்பு எழுதினார்கள். ஆதாரங்களை அவர் எடைபோட்ட முறை சரியல்ல என்றார்கள். அதற்கு முன்பே, மூளையைப் படம் பிடிக்கும் கருவியை வைத்து 17 நோயாளிகளையும் 20 நலமானவர்களையும் ஒப்பிட்ட லண்டன் ஆராய்ச்சியொன்று, நோயாளிகளின் மூளை செரட்டோனினை வெளிவிடும் ஆற்றல் குறைந்திருப்பதாகச் சொன்னது. 17 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. ஆனாலும் ஒதுக்கிவிட முடியாது. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, தோழர்களே. தீர்ப்பு வரவில்லை. வராத தீர்ப்பை வந்துவிட்டதாகச் சொல்லி முப்பது ஆண்டுகள் வியாபாரம் நடந்தது என்பதே என் குற்றச்சாட்டு.

அப்படியானால் இரசாயனக் குறைவால் சித்தம் கலங்குவதே இல்லையா? உண்டு! நிரூபிக்கப்பட்ட ஒன்று உண்டு. பாட்டாளி மக்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கம். அமெரிக்காவின் தென்மாநிலங்களிலே பெலக்ரா என்ற நோய் பரவியது. தோல் வெடிக்கும், வயிறு போகும், பிறகு சித்தம் கலங்கும், கடைசியில் சாவு. பைத்தியக்கார ஆஸ்பத்திரிகள் நிரம்பின. ஏதோ கிருமி என்றார்கள். பரம்பரைக் கோளாறு என்றும் சொன்னார்கள். 1914இல் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற அரசாங்க மருத்துவரை அனுப்பினார்கள். அவர் ஆஸ்பத்திரிகளிலே ஒன்றைக் கவனித்தார். நோயாளிகளுக்கு வருகிற வியாதி, அவர்களோடு பழகும் தாதிக்கோ காவலாளிக்கோ வருவதில்லை. கிருமி என்றால் சம்பளம் வாங்குகிறவன், வாங்காதவன் என்று பார்த்தா தொற்றும்?

1915இல் மிசிசிப்பி சிறைப் பண்ணையிலே, விடுதலை தருவதாக வாக்களிக்கப்பட்ட கைதிகளுக்கு, ஏழைகள் உண்ணும் சோளமாவு உணவையே மாதக்கணக்கில் கொடுத்தார். 11 பேரில் 6 பேருக்கு நோய் வந்தது. அப்போதும் நம்பாதவர்களுக்காக, 1916இல் அவரும் அவர் மனைவியும் நண்பர்களும் நோயாளியின் இரத்தத்தை ஊசியிலே ஏற்றிக்கொண்டார்கள். கழிவைக்கூட உருண்டை பிடித்து விழுங்கினார்கள். ஒருவருக்கும் நோய் வரவில்லை. பிறகு சைடன்ஸ்டிரிக்கர் என்ற பொருளாதார அறிஞரோடு சேர்ந்து, தென் கரோலினா மாநிலத்தின் பஞ்சாலைக் கிராமங்களிலே வீடு வீடாகக் கணக்கெடுத்தார். வருமானம் ஏற ஏற நோய் இறங்கியது. வருமானம் இறங்க இறங்க நோய் ஏறியது. பஞ்சு விலை சரிந்த 1921இல், இனி நோய் பெருகும் என்று எச்சரிக்கை வந்தபோது, எங்கள் மாநிலத்துக்கு அவமானம் என்று தென்னாட்டு அரசியல்வாதிகள் சீறினார்கள். பட்டினி அவமானமில்லை, பட்டினி என்று சொன்னதுதான் அவமானம்!

கோல்ட்பெர்கர் 1929இல் இறந்தார். 1937இல் எல்விஹெம் என்ற அறிஞர், குறைந்திருந்த பொருள் நியாசின் என்ற வைட்டமின் என்று கண்டுபிடித்தார். கொடுத்ததும் கலங்கிய சித்தம் தெளிந்தது.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு கிளை உண்டு. 1918இல் குன்னூரிலே தொடங்கிப் பின்னர் ஐதராபாத்துக்குப் போன உணவு ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர் கோபாலன், ஸ்ரீகாந்தியாவோடு சேர்ந்து, தக்காணத்திலே சோளமே கதியென்று வாழ்ந்த ஏழைகளிடம் இதே பெலக்ராவைக் கண்டு 1960இல் எழுதினார்.

நியாசின் குறைந்ததால் சித்தம் கலங்கியது, சரி. நியாசின் ஏன் குறைந்தது? இறைச்சியும் பாலும் பயறும் இலையிலே விழவில்லை. ஏன் விழவில்லை? கூலி குறைந்தது! வைட்டமின் குறைவு என்று எழுத டாக்டர் சீட்டிலே இடமிருக்கிறது. கூலி குறைவு என்று எழுத இடமில்லை. நிரூபிக்கப்பட்ட இரசாயனக் குறைவின் கதையே இப்படி ஆலை முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் போய் முடிகிறதென்றால், நிரூபிக்கப்படாத ஒன்றைக் காட்டி, எல்லாம் உன் மண்டைக்குள்ளேதான் இருக்கிறது, வெளியே பார்க்காதே என்று சொல்வதை எப்படி ஏற்பது?

மனச்சோர்வு பெலக்ராவைப் போல ஒரே காரணத்தால் வருவதல்ல. பணக்காரருக்கும் வருகிறது, பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஆனால் வெளியே பார்த்தவர்கள் கண்டதென்ன? லண்டனின் கேம்பர்வெல் பகுதியிலே ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்ற இருவர் பெண்களை நேரில் கண்டு பேசி 1978இல் நூல் வெளியிட்டார்கள். தொழிலாளர் வீட்டுப் பெண்களிடமே சோர்வு அதிகம். சிறுவயதில் தாயை இழந்தவர், வீட்டிலே மூன்றோ அதற்கு மேலோ சின்னக் குழந்தைகள் உள்ளவர், வெளியே வேலை இல்லாதவர், மனம் விட்டுப் பேச ஆளில்லாதவர், இவர்கள்தாம் இடி விழுந்தபோது முதலில் சாய்ந்தார்கள். இந்தோனேசியாவிலே ஏழைக் குடும்பங்களுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுத்த பகுதிகளில் தற்கொலை 18 சதவீதம் குறைந்ததாக 2019இல் ஒரு ஆராய்ச்சி கணக்கிட்டது. எந்த மாத்திரைக் கம்பெனி இதற்கு விளம்பரம் கொடுக்கும்?

கோவாவிலே நடந்ததையும் சொல்ல வேண்டும். விக்ரம் படேல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத சாதாரண ஆட்களைப் பயிற்றுவித்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தார்கள். கடுமையான சோர்வு கொண்டவர்களோடு ஆறு முதல் எட்டுத் தடவை பேசுவது, நின்றுபோன வேலைகளைச் சிறிது சிறிதாகத் தொடங்க வைப்பது, வீட்டுச் சிக்கலை அவிழ்க்கத் துணை நிற்பது, இவ்வளவுதான் வைத்தியம். 2017இல் வந்த முடிவு: வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம் தேறினார்கள், பேச்சுத் துணையும் பெற்றவர்களில் 64 சதவீதம்.

ஒரு தோழர் கேட்பார்: பேய் பிடித்தது, செய்வினை வைத்தார்கள் என்று சாட்டையால் அடித்த நாட்டிலே, இரசாயனக் கோளாறு என்று சொன்னது முன்னேற்றமில்லையா? நியாயமான கேள்வி. 2001 ஆகஸ்டு மாதத்தை நினையுங்கள். அந்த மாதத் தொடக்கத்தில்தான் அமெரிக்காவிலே புரோசாக்கின் தனியுரிமை முடிந்தது. நம் ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் கம்பெனிகூட அங்கே அந்த மருந்தை மலிவாக விற்க இறங்கியது. அதே ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியிலே, மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த தனியார் விடுதி தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். அந்தச் சங்கிலியைவிட மாத்திரை ஆயிரம் மடங்கு மேல். அதிலே எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் சங்கிலியை அறுக்கப் பொய் தேவையில்லை. இந்தக் கதை நோயாளியின் மனத்துக்கு நன்மை செய்கிறதா என்றுகூடச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2014இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி அது. முன்பு மனச்சோர்வு கண்ட மாணவர்களின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து, பரிசோதனை செய்ததுபோல நடித்து, சிலரிடம் உனக்குச் செரட்டோனின் குறைவு என்று சொன்னார்கள். தன்னைத் தானே நொந்துகொள்வது குறையவில்லை. மாறாக, இது எளிதில் தீராது, என்னால் இதைச் சமாளிக்க முடியாது என்ற அவநம்பிக்கைதான் கூடியது. இரசாயனம் என்று கேட்டவன் விதி என்று புரிந்துகொண்டான்! தலையெழுத்தை அழிக்கப் புறப்பட்டவர்கள், அதையே மூளைக்குள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

முன்னே சொன்ன வாக்குக்கு வருகிறேன். இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் திடீரென்று நிறுத்தக் கூடாது. தலைசுற்றல், தூக்கமின்மை, மின்சாரம் பாய்வது போன்ற உணர்ச்சி, பதற்றம் வரலாம், நோயும் திரும்பலாம். நிறுத்தும்போது வரும் இந்தத் தொல்லை லேசானது, ஓரிரு வாரத்தில் போய்விடும் என்றுதான் நெடுநாள் சொல்லிவந்தார்கள். சிலருக்கு அது கடுமையாகவும் நீண்டும் இருக்கலாம் என்பதை 2019இல் பிரிட்டனின் மனநல மருத்துவர் சங்கம் ஒப்புக்கொண்டது. 2022இல் அந்நாட்டு வழிகாட்டு நெறியும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று வகுத்துரைத்தது. குறைப்பதானாலும், தொடர்வதானாலும் எழுதிக் கொடுத்த டாக்டரோடு பேசித்தான் செய்ய வேண்டும்.

பேசுங்கள், கேளுங்கள். இந்த மாத்திரை எனக்கு எதற்காக? எத்தனை வாரத்தில் பலன் தெரியும்? தெரியாவிட்டால் அடுத்து என்ன? எத்தனை காலம் சாப்பிட வேண்டும்? நிறுத்துவது எப்படி? மாத்திரையோடு பேச்சு வைத்தியமும் கிடைக்குமா? அரசு ஆஸ்பத்திரியின் வரிசையிலே நிற்பவருக்கும் இவற்றைக் கேட்க உரிமை உண்டு. 2017இல் இயற்றப்பட்ட மனநலப் பாதுகாப்புச் சட்டம் அந்த உரிமையைத் தந்திருக்கிறது. சங்கிலியால் கட்டுவதையும் அதே சட்டம் தடுக்கிறது.

சங்கத்துத் தோழர்களுக்கு ஒன்று. பக்கத்துத் தறியில் நிற்பவன் நாலு நாளாகப் பேசவில்லையென்றால், கடன் எவ்வளவு, வீட்டிலே என்ன, தூங்கினாயா என்று கேளுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற அரசு உதவித் தொலைபேசி இருக்கிறது. எண் 14416. இரவும் பகலும் இயங்குகிறது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.